ஒரே ஒரு வேலை தெரிந்தவள்

போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, என் வீட்டு ஹீட்டரைப் பார்க்க ஒருவர் வந்தார். ஜெர்மனியின் நடுவில் இருக்கும் காசெல் நகரத்தில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். வந்தவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வாசலிலேயே காலணிக்கு மேல் நீல உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஹீட்டரின் வால்வைக் கழற்றி, துடைத்து, புதியதைப் பொருத்தி, சிந்திய நாலு சொட்டுத் தண்ணீரையும் ஒற்றி எடுத்துவிட்டு எழுந்தார். அப்படிச் சுத்தமான வேலை. அந்த ஹீட்டருக்கு நேர் மேலே இருந்த ஜன்னலின் கைப்பிடி ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு திருகுதான். அவர் கையில் திருப்புளி இருந்தது. "இதையும் கொஞ்சம் முடுக்கிவிடுகிறீர்களா?" என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு வேறு ஆள் வருவார், வீட்டு நிர்வாகத்துக்கு எழுதிப் போடுங்கள் என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

அவருடைய திருப்புளியை இரவல் வாங்கி நானே முடுக்கினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவர் வியப்போடு, "ஸிண்ட் ஸீ ஃபொம் ஃபாஹ்?" என்று கேட்டார். ஃபாஹ் என்றால் எனக்குத் தெரிந்த பொருள் அலமாரித் தட்டு. நான் வேலை செய்யும் இடத்தில் ஆளுக்கு ஒரு ஃபாஹ் உண்டு. பெயர் ஒட்டிய அந்தத் தட்டில்தான் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும் வந்து விழும். இவர் என்னை எந்தத் தட்டிலிருந்து வருகிறாய் என்று கேட்கிறாரோ என்று குழம்பி, "இல்லை, இந்தியாவிலிருந்து" என்றேன். அவரும் குழம்பினார். பிறகு யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். அண்ணனிடம் என்றேன். அண்ணன் ஜன்னல் செய்கிறவரா என்றார். இல்லை, ஆடு வளர்க்கிறார் என்றேன். தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் போன பின் அகராதியைப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குத் தட்டு என்றும் பொருள், தொழில் என்றும் பொருள். இந்தத் தொழிலைச் சேர்ந்தவரா என்றுதான் மனிதர் கேட்டிருக்கிறார்.

இதைக் கேலியாக எழுதவில்லை. ஒவ்வொருவரும் தன் தட்டில் இருந்து தன் வேலையை மட்டும் செய்வதால்தான் இந்த ஊரில் பேருந்து நேரத்துக்கு வருகிறது, பாலத்தில் விரிசல் விழுவதில்லை. நானும் ஒரு தட்டில்தான் இருக்கிறேன். நான் டயாலிசிஸ் செவிலி. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் கையில் இரண்டு ஊசிகளைச் செருகி, அவர்கள் இரத்தத்தை இயந்திரத்துக்கு அனுப்பி, சுத்தமாக்கித் திரும்ப ஏற்றுகிறேன். பதினோரு வருடங்களாக இது ஒன்றுதான் என் வேலை. பக்கத்து அறையில் ஒருவருக்குத் தலைவலி என்றால்கூட அதற்கு வேறு ஆள். இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னைச் சொல்வது அந்த ஊசியை வைத்துத்தான்: வலிக்காமல் குத்துகிற இந்தியப் பெண்.

எங்கள் வீடு பசுவந்தனைப் பக்கம். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தால் இரண்டு பக்கமும் கரிசல் மட்டும் தெரியும், நடுவே எங்காவது ஒரு வேலிக்கருவைக் கூட்டம். நான் பத்தாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அண்ணன் முருகேசனுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் ஒரு வருடம் முடித்திருந்தவன், அதோடு நிறுத்திவிட்டு ஆடுகளையும் நாலு ஏக்கர் மானாவாரி நிலத்தையும் கையில் எடுத்தான். அவை மட்டும் போதாது என்று மோட்டார் கழற்றினான், வீடுகளுக்கு வயரிங் செய்தான், குழாய் பதித்தான், டிராக்டர் ஓட்டினான். வயிற்றில் குட்டி குறுக்கே கிடக்கும் ஆட்டுக்குக் கைவிட்டுத் திருப்பினான். தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தான். ஊரில் எது நின்றுபோனாலும், "முருகேசன்ட்ட சொல்லு, பாத்துக்கிடுவான்" என்பார்கள். ஆனால் அவன் என்னவாக இருக்கிறான் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். மணமகன் பெயருக்குக் கீழே என்ன தொழில் போட என்று அச்சகத்துக்காரர் கேட்டார். அண்ணன் யோசித்துவிட்டு, "ஒண்ணும் போடாதீங்க அண்ணாச்சி. போட ஆரம்பிச்சா எடம் பத்தாது" என்றான். எல்லோரும் சிரித்தோம். பஸ்ஸில் திரும்பும்போது, அச்சகத்தில் மாதிரிக்குக் கொடுத்த பத்திரிகைகளில் மாப்பிள்ளைகளின் தொழிலை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தான்.

நான் நர்சிங் சேர்ந்த நாளில் அவன் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "ஏட்டி செல்வி, எதையாவது ஒண்ண முழுசாப் படி. என்னைய மாதிரி எல்லாத்துலயும் கைய வைக்காத. எனக்கு எல்லாம் பாதி தெரியும். பாதி தெரிஞ்சவன ஊருக்குள்ளதான் மதிப்பாவ, ஊரத் தாண்டுனா எவனும் கேக்க மாட்டான்."

இருந்தாலும் முதல் நாலு வருடம் நானும் எல்லாவற்றிலும் கைவைத்தேன். கோவில்பட்டியில் பன்னிரண்டு படுக்கை கொண்ட சின்ன மருத்துவமனை ஒன்றில் முதல் வேலை. ஒரு டாக்டர், மூன்று செவிலியர். பிரசவம் பார்த்தோம், தையல் போட்டோம், இ.சி.ஜி. எடுத்தோம், தீப்பெட்டி ஆபீசில் கை வெந்து வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டோம், கரண்ட் போனால் ஜெனரேட்டரையும் நாங்களே போட்டோம். ஒரு ஆள் வாசலில் நுழையும்போதே நடையைப் பார்த்து, கண் இமையைப் பார்த்து, வேர்வையைப் பார்த்து என்ன கோளாறு என்று பாதி ஊகித்துவிடுவேன். அந்த நாலு வருடத்தில் இருந்த அளவுக்கு நான் எப்போதும் கூர்மையாக இருந்ததில்லை.

அங்கே ஒரு தை மாதம், புதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பருத்தி எடுக்கும்போது கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. விஷமுறிவு மருந்து உடனே போட்டோம். உறையாமல் இருந்த இரத்தம் உறையத் தொடங்கியது, வீக்கம் நின்றது. மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். ஆனால் அன்று முழுவதும் அவருக்குச் சிறுநீர் வரவில்லை. விரியன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பது எங்களுக்குப் பாடத்தில் தெரியும். தாக்கினால் டயாலிசிஸ் வேண்டும் என்றும் தெரியும். அதைச் செய்ய அந்நாளில் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். ஆம்புலன்சில் நானே ஏறினேன். அந்தப் பெண் வழி நெடுக என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கு எப்பம் விடுவாவ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கயத்தாறு தாண்டியதும் கேட்பதை நிறுத்திவிட்டார். எங்களுக்கு நூறு விஷயம் தெரிந்திருந்தது, அவருக்குத் தேவைப்பட்டது நூற்றியோராவது. அடுத்த மாதமே சென்னையில் டயாலிசிஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். அண்ணன் சொன்னதை இந்த விதத்தில்தான் நான் கேட்டேன். அந்தப் பயிற்சிதான் பிறகு என்னைக் காசெலுக்குக் கொண்டுவந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணனோடு வீடியோவில் பேசுவேன். மூன்று வருடங்களாக அவன் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். கிணறுகளில் இறங்கி ஏறின கால். மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போடுவான், கேட்கும். அப்புறம் கோவில்பட்டியில் எலும்பு டாக்டரைப் பார்த்தான், அவர் முழங்காலைப் பார்த்தார். கண் மங்குகிறது என்று கண் டாக்டரிடம் போனான், அவர் கண்ணைப் பார்த்தார். ஒரு ஞாயிறு, "காலு ரெண்டும் சாயந்திரம் ஆனா வீங்குதுட்டி" என்றான். உப்பைக் குறை அண்ணே என்றேன். முகம் உப்பியிருந்தது திரையில் எனக்குத் தெரிந்தது. சதை போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். பதினோரு வருடம் சிறுநீரக நோயாளிகளோடு இருக்கிறவள் நான்! ஆனால் என்னிடம் வருகிறவர்கள் சிறுநீரகம் முழுதும் செயலிழந்த பின் வருகிறவர்கள். கையில் தாளோடும் தேதியோடும் வருவார்கள். சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கும் வழியை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. கோவில்பட்டியில் ஜெனரேட்டர் போட்டுக்கொண்டிருந்த செல்வி அந்த முகத்தைப் பார்த்திருந்தால், அந்த நிமிடமே இரத்த அழுத்தம் பார்க்க அனுப்பியிருப்பாள்.

ஆடி மாதம் என் மதினி, அண்ணனின் மனைவி, அழைத்தார். பேச்சியம்மாள் மதினி சாதாரணமாக எனக்குப் போன் போட மாட்டார். "செல்வி, ஒங்க அண்ணனுக்கு மூச்சு வாங்குச்சுன்னு கூட்டிட்டு வந்தோம். ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொல்லுதாவ. கழுத்துல குழா போட்டிருக்காவ. நீ பாக்குத வேலதான இது? நீ சொல்லு, சரியாயிருமா?" என்றார். அவர் கேட்டதற்கு எனக்கு நிச்சயமாகப் பதில் தெரியும். இந்த உலகத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று அதுதான். சொல்ல முடியாமல், வாரேன் மதினி என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரேனுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. என் இடத்தில் இன்னொரு டயாலிசிஸ் செவிலிதான் நிற்க முடியும், வேறு பிரிவிலிருந்து யாரையும் நிறுத்த முடியாது. மாற்றாக இருந்த ஒருத்தியும் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். மேலாளர் உண்மையாகவே வருந்தினார். உங்களுக்கு மாற்று ஆள் கிடைப்பது அவ்வளவு கடினம் என்று அவர் சொன்னது பாராட்டு என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ஐப்பசியில் போய்ச் சேர்ந்தேன். மழை இறங்கி, கரிசல் காலை விடாமல் பிடித்தது. பக்கத்துப் புஞ்சைகள் எல்லாம் ஒரே மக்காச்சோளம். அண்ணன் நிலத்தில் மட்டும் கம்பு ஒரு பக்கம், உளுந்து ஒரு பக்கம், நடுவே பருத்தி, ஓரத்தில் கொத்தமல்லி. படுத்த படுக்கையிலிருந்து எழுந்து நின்று, மதினியையும் கூலியாட்களையும் வைத்து விதைத்திருக்கிறான். முன்னொரு வருடம் படைப்புழு வந்து மக்காச்சோளம் எல்லாம் போனபோது இவனுக்கு உளுந்து நின்றது. நல்ல வருடத்தில் ஊரே மக்காச்சோளத்தில் வீடு கட்டியபோது இவனுக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் வந்தது. அவன் ரொம்ப மெலிந்திருந்தான். என்னைக் கண்டதும் சட்டைக் கையை இறக்கிவிட்டு, டயாலிசிஸ் ஊசிக்காக அறுவை செய்திருந்த இடது கையை மறைத்துக்கொண்டான்.

என் சிறுநீரகம் ஒன்றைத் தருவது என்று நான் விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன். அவன் கத்தினான், மதினி அழுதார், நான் கேட்கவில்லை. திருநெல்வேலியில் முதல் பரிசோதனையிலேயே எனக்கு இரத்த அழுத்தம் மிக அதிகம் என்று தெரிந்தது. எவ்வளவு நாளாக என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். ஒரு நாளில் இருபது பேருக்கு இரத்த அழுத்தம் எடுக்கிறவள், எனக்கு எடுத்துக்கொண்டதில்லை. நீங்கள் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். எனக்கு அன்று வந்த அழுகை யாருக்காக என்று தெரியவில்லை.

இப்போது கோவில்பட்டியிலேயே டயாலிசிஸ் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் அண்ணனும் மதினியும் பஸ் ஏறிப் போவார்கள். அங்கே எல்லாம் மாரீஸ்வரி என்ற டெக்னீஷியன்தான். முப்பது வயது இருக்கும். ஊசி குத்துவது, மெஷின் கழுவுவது, தண்ணீர் சுத்திகரிக்கும் பிளாண்டைப் பார்ப்பது, காப்பீட்டுத் தாள் எழுதுவது, பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்குப் போன் போடுவது எல்லாம் அவர்தான். நான் போன முதல் வெள்ளியன்று பிளாண்டில் தண்ணீர் ஏறவில்லை. பத்துப் பேர் வாசலில் காத்திருந்தார்கள். மெக்கானிக் திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும். அண்ணன் எழுந்துபோய், மோட்டார் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "காத்துப் பிடிச்சிருக்கும்மா. மேல இருக்க அந்த மூடியக் கழத்தி தண்ணிய ஊத்து. நான் தொடல, நீயே ஊத்து" என்றான். கொஞ்ச நேரத்தில் மோட்டார் இழுக்கத் தொடங்கியது. மாரீஸ்வரி தண்ணீரைப் பரிசோதித்து, சரி என்று ஆன பிறகு, ஒருவர் பின் ஒருவராக எல்லோரையும் படுக்க வைத்தார். தன் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் தண்ணீரை அவனே ஓட வைத்துவிட்டு, அவனும் போய்ப் படுத்தான்.

அவன் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து அறுவை செய்த இடம் ஊசி தாங்கும் அளவுக்குத் தடித்துவிட்டது, இனி கழுத்துக் குழாயை விட்டுவிட்டுக் கையில் குத்தலாம் என்று டாக்டர் சொன்னார். முதல் முறை நான் குத்துகிறேன் என்று கேட்டேன். டாக்டரும் சரி என்றார். கையுறை போட்டேன். காசெலில் தொண்ணூறு வயதுக் கைகளில், தாள் மாதிரித் தோலுள்ள கைகளில், ஒருமுறைகூடத் தவறாமல் குத்தியிருக்கிறேன். அண்ணன் முகத்தைத் திருப்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி இரத்தக் குழாயைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. சில விநாடிகளில் தோலுக்கு அடியில் இரத்தம் பரவி முட்டை அளவுக்கு வீங்கியது.

"வலிக்கலட்டி" என்றான் அண்ணன். வலிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மாரீஸ்வரி என் கையிலிருந்து ஊசியை மெல்ல வாங்கினார். ஐஸ் வைத்துக் கட்டினார். "அக்கா, சொந்தத்துல ஒருத்தரு கைன்னா எல்லாருக்கும் தப்பத்தான் செய்யும். இன்னைக்குக் குழாயிலேயே போடுதேன், கைய அடுத்த வாரம் பாப்போம். நீங்க அந்தால போயி உக்காருங்க" என்றார். வெளியே பெஞ்சில் நோயாளிகளோடு வந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடம்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்து, "நீங்க யாருக்கு வந்திருக்கீங்க? டவுன்ல வேலையா?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். "முருகேசன் தங்கச்சி" என்றேன். அவர் தலையை ஆட்டி, தன் தூக்குவாளியிலிருந்து காப்பியை ஊற்றி நீட்டினார். வேறு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பகலில் அண்ணனும் நானும் புஞ்சை வரப்பில் நின்றிருந்தோம். நான் இங்கனயே வந்திரட்டுமா அண்ணே என்று கேட்டேன்.

"வந்து?"

"ஒனக்கு நானே பாப்பேன்."

"செவ்வா வெள்ளி ரெண்டு நாளு பாப்ப. மிச்சம் அஞ்சு நாளு என்ன செய்வ? ஒனக்கு வேற என்ன தெரியும் இப்பம்?" அவன் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துக் கேட்டான். "அந்தப் புள்ள மாரீஸ்வரி பாக்குத வேலையில பாதிகூட ஒன்னால முடியாது. அங்கன இருக்கவியளுக்கு நீ வேணும். போட்டு ஒழப்பிக்கிடாத."

"நீதான அண்ணே ஒண்ண மட்டும் படின்னு சொன்ன."

"சொன்னேன். தப்பாச் சொல்லல." குனிந்து உளுந்துச் செடிக்குள் நின்ற ஒரு களையைப் பிடுங்கிப் போட்டான். "நான் எல்லாத்தையும் பாத்தேன், என்னையப் பாக்கல. நீ ஒண்ணயே பாத்த, நீயும் ஒன்னையப் பாக்கல. போயி பிரஷரு மாத்திரைய ஒழுங்காப் போடு."

வெளிநாட்டில் ஒரு தட்டில் உட்கார்ந்து வேலை செய்யும் உங்களில் பலருக்கு ஊரில் இப்படி ஒருவர் இருப்பார். எதில் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாதவர், அவர் இல்லாவிட்டால் எதுவும் ஓடாது. எது உயர்ந்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது. பாம்பு கடித்த அந்தப் பெண்ணை நினைத்தால் ஒன்று தோன்றுகிறது. திரையில் உப்பியிருந்த அண்ணன் முகத்தை நினைத்தால் இன்னொன்று தோன்றுகிறது. இரண்டு நினைவும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவனிடம் முழங்காலைக் கேட்கிறேன், தூக்கத்தைக் கேட்கிறேன், கேமராவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி இமையைப் பார்க்கிறேன். கையில் ஊசி இப்போது நன்றாகப் போகிறதாம், மாரீஸ்வரி ஒரு தடவையில் குத்திவிடுகிறாராம். மாத்திரை போட்டாயா என்று அவன் என்னைக் கேட்கிறான்.

செவ்வாயும் வெள்ளியும் காசெலில் எனக்குக் காலை முறை. ஆறரை மணிக்கு முதல் நோயாளியைத் தொடங்குவேன். குளிர்காலத்தில் அது கோவில்பட்டியில் பதினோரு மணி, அண்ணனை இயந்திரத்தோடு இணைக்கும் நேரம். பத்தரைக்கு இங்கே இயந்திரத்தை நிறுத்தும்போது அங்கேயும் நிறுத்துகிறார்கள். சென்ற வெள்ளி, என் நோயாளியான கிழவர் ஒருவரின் கையிலிருந்து ஊசிகளை உருவிவிட்டு, பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் அப்படிப் பிடிக்க வேண்டும், விட்டால் இரத்தம் பீய்ச்சும். அவர் கண்ணை மூடியிருந்தார். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. என் விரலுக்குக் கீழே இரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரிந்தது. இதே நிமிடத்தில் அங்கே மாரீஸ்வரியின் விரலுக்குக் கீழே இன்னொரு கை. கிழவர் கண்ணைத் திறந்து, "போதுமே, நேரம் ஆகிவிட்டதே" என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஆகித்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று சொல்லிவிட்டு, விரலை எடுக்காமல் நின்றேன்.